சீட்டுக் கணக்கை நிரலிடம் கொடுத்தால்

(மதுரையில் கல்லூரி மாணவர்களும் வணிகர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சுமார் 1,250 ஆண்டுகளுக்கு முன் இந்தக் கூடல் மாநகரில் பாண்டியன் நெடுஞ்சடையன் பவனி வந்துகொண்டிருந்தபோது ஒருவர் முன்னே வந்து முறையிட்டார். தம் முன்னோருக்குப் பழைய பாண்டிய அரசன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி கொடுத்த வேள்விக்குடி என்ற ஊரைக் களப்பிரர் பறித்துக்கொண்டார்கள், அதைத் திருப்பித் தர வேண்டும் என்றார். அரசன் உடனே கொடுத்துவிடவில்லை, விரட்டவும் இல்லை. உன் உரிமை பழமையானது என்பதை நாட்டாரைக் கொண்டு நிறுவிவிட்டுப் பெற்றுக்கொள் என்றான். அவர் நிறுவினார், ஊர் கிடைத்தது. நடந்ததையெல்லாம் செப்பேட்டில் வெட்டிவைத்ததால்தான் இன்று நமக்குத் தெரிகிறது. வேள்விக்குடிச் செப்பேடு என்று வரலாற்று மாணவர்கள் படிப்பது இதைத்தான்.

கணினியைப் பற்றிப் பேச வந்தவன் செப்பேட்டை எடுப்பதற்குக் காரணம் உண்டு. அந்த ஒரு வழக்கில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கணக்கு ஏட்டை யார் கையில் வைத்திருப்பது என்பது ஒன்று. அரசன் கொடுத்ததை அடுத்து வந்த ஆட்சி பறித்துக்கொண்டது, அதிகாரம் கைமாறியதும் பழைய பதிவுக்கு மதிப்பில்லாமல் போனது. ஏட்டில் இருப்பது உண்மைதான் என்று யார் சொல்வது என்பது இன்னொன்று. அதற்கு நாட்டார் வர வேண்டியிருந்தது. டி-ஆப் என்று இளைஞர்கள் சொல்லும் பரவலாக்கப்பட்ட செயலி முதல் கேள்விக்கு மிக நல்ல விடையை வைத்திருக்கிறது. இரண்டாவது கேள்விக்கு அதனிடம் விடை இல்லை. நான் இன்று சொல்ல வந்தது இதைத்தான், இனி வருவதெல்லாம் விளக்கம்.

முதலில் சாதாரணச் செயலியைப் பார்ப்போம். உங்கள் கைப்பேசியில் இருக்கும் வங்கிச் செயலியில் உங்களுக்குத் தெரிவது திரை மட்டும். கணக்குப் பார்க்கும் நிரலும், யாருக்கு எவ்வளவு இருப்பு என்ற பதிவும் வங்கியின் கணினிகளில் இருக்கின்றன. நிரலை மாற்றவும், உங்கள் கணக்கை முடக்கவும், சேவையையே மூடிவிடவும் அந்த நிறுவனத்தால் முடியும். இதைக் குறையாக மட்டும் நான் சொல்லவில்லை. பணம் தவறான ஆளுக்குப் போய்விட்டால் போய்க் கேட்க ஒரு கிளை இருக்கிறது, மேலாளர் இருக்கிறார், அவருக்கு மேல் ஒம்புட்ஸ்மன் என்ற குறைதீர்ப்பாளர் இருக்கிறார். பெரும்பாலான வேலைகளுக்கு இந்த ஏற்பாடே போதும் என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் ஒருவரையொருவர் நம்பாத பலர் ஒரே கணக்கைப் பகிர்ந்துகொள்ள வேண்டும், அந்தக் கணக்கை அவர்களில் எவர் கையிலும் கொடுக்க மற்றவர்களுக்கு மனமில்லை என்றால் என்ன செய்வது? சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் 2008 அக்டோபர் 31 அன்று வெளியான ஒரு சிறு கட்டுரை இதற்கு ஒரு வழி சொன்னது. கணக்கின் முழுப் பிரதியை ஆளுக்கொன்றாக எல்லாரும் வைத்துக்கொள்ளலாம். புதிய வரவு செலவுகளைச் சிறு சிறு கட்டுகளாகச் சேர்க்கலாம். ஒவ்வொரு கட்டும் தனக்கு முந்தைய கட்டின் கணித முத்திரையைச் சுமந்திருக்கும். பழைய கட்டில் ஒரு புள்ளியை மாற்றினாலும் அதன் முத்திரை மாறிவிடும், அதற்குப் பின் வந்த எல்லா முத்திரைகளும் பொருந்தாமல் போகும், பொய் வெளிப்பட்டுவிடும். இதுதான் பிளாக்செயின். 2009 ஜனவரி 3 அன்று பிட்காயினின் முதல் கட்டு உருவானது.

பிட்காயின் ஏட்டில் பெரும்பாலும் ஒரே வகை வரிதான் எழுத முடியும்: இவர் அவருக்கு இவ்வளவு கொடுத்தார் என்ற வரி. 2013-இன் இறுதியில் விட்டாலிக் புட்டெரின் என்ற பத்தொன்பது வயது இளைஞர் இதற்கு மேல் ஒரு படி போனார். எல்லாரிடமும் ஒரே கணக்குப் பிரதி இருக்க முடியும் என்றால், எல்லாரிடமும் ஒரே நிரல் ஏன் இருக்கக் கூடாது? இந்தத் தேதிக்குள் பணம் வந்தால் இன்னாருக்குக் கொடு, வராவிட்டால் திருப்பிக் கொடு என்ற நிபந்தனையை நிரலாக எழுதி அந்த ஏட்டிலேயே போட்டுவிட்டால், ஆயிரக்கணக்கான கணினிகள் அதைத் தனித்தனியே இயக்கி ஒரே விடைக்கு வர வேண்டும். அவர் முன்வைத்த எத்தீரியம் 2015 ஜூலை 30 அன்று இயங்கத் தொடங்கியது. அப்படி ஏட்டில் வைக்கப்பட்ட நிரலுக்கு ஸ்மார்ட் கான்ட்ராக்ட் என்று பெயர். அதற்கு முன்னால் ஒரு திரையைப் பொருத்தினால் அதுவே பரவலாக்கப்பட்ட செயலி.

அதில் ஒரு பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கிறது என்று மெதுவாகப் பார்க்கலாம். இங்கே தெளிவு வந்துவிட்டால் பின்னால் வரும் எதுவும் குழப்பாது. இந்தச் செயலியில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கிடையாது. உங்களிடம் வாலட் என்ற சிறு மென்பொருள் இருக்கும், அதற்குள் ஒரு தனிச்சாவி இருக்கும். தனிச்சாவி என்பது யாராலும் ஊகித்துவிட முடியாத மிகப் பெரிய எண். சாவி தொலைந்தால் அதை மீட்டெடுக்கப் பெரும்பாலும் 12 ஆங்கிலச் சொற்களின் வரிசை ஒன்றைத் தருவார்கள். நீங்கள் பொத்தானை அழுத்தியதும் வாலட் உங்கள் கட்டளையை அந்தச் சாவியால் கையொப்பமிடுகிறது. கையொப்பமிட்ட கட்டளை வலையமைப்பு முழுதும் பரவுகிறது. எத்தீரியத்தில் 12 விநாடிக்கு ஒருமுறை ஒரு சரிபார்ப்பாளருக்கு அடுத்த கட்டைத் தொடுக்கும் முறை வருகிறது. அவர் எத்தீரியத்தின் நாணயமான ஈத்தரில் குறைந்தது 32-ஐப் பிணையாகக் கட்டியவர். ஏமாற்றினால் பிணையில் கை வைப்பார்கள். அவர் உங்கள் கட்டளையைக் கட்டில் சேர்க்கிறார், மற்றவர்கள் தாங்களும் நிரலை இயக்கிப் பார்த்து ஒப்புகிறார்கள், கணக்கு மாறுகிறது. இந்த வேலைக்குக் கட்டணம் உண்டு, அதைக் கேஸ் என்பார்கள். நிரலின் ஒவ்வொரு அடிக்கும் ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். வெறுமனே ஈத்தரை ஒருவருக்கு அனுப்ப 21,000 அலகு கேஸ் ஆகும், சிக்கலான வேலைக்கு இன்னும் கூடும். கூட்டம் அதிகமானால் அலகின் விலையும் ஏறும். 2017 கடைசியில் கிரிப்டோகிட்டீஸ் என்ற பூனை வளர்ப்பு விளையாட்டு ஒன்றே எத்தீரியத்தை நெரிசலில் திணறடித்தது.

அந்த நெரிசலைக் குறைக்க வந்தவற்றுள் ஒன்று 2017-இல் மேட்டிக் என்ற பெயரில் இந்திய இளைஞர்கள் தொடங்கிய பாலிகன். நிறைய வேலையைப் பக்கத்தில் மலிவாக முடித்துவிட்டு முடிவை மட்டும் எத்தீரியத்தில் பதிவது அதன் வழி. மின்சாரத்தை விழுங்குகிறதே என்ற பழைய குற்றச்சாட்டு எத்தீரியத்துக்கு இனிப் பொருந்தாது. 2022 செப்டம்பர் 15 அன்று, அடுத்த கட்டைத் தொடுக்கக் கணினிகள் கணக்குப் போட்டுப் போட்டியிடும் சுரங்க முறையைக் கைவிட்டுப் பிணை முறைக்கு அது மாறியபோது மின்செலவு 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. பிட்காயின் இன்னும் பழைய முறையில்தான் இருக்கிறது.

இனி நம் ஊர்ச் சங்கதிக்கு வருகிறேன். மதுரையில் ஏலச்சீட்டு தெரியாத வீடு உண்டா? இருபது பேர், மாதம் 5,000 ரூபாய், ஒரு லட்சம் சீட்டு என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் மாதம் ஒருவருக்கு அவசரம். 75,000 போதும் என்று குறைத்துக் கேட்டு எடுத்துக்கொள்கிறார். மிச்சமான 25,000-இல் சீட்டு நடத்துபவரின் கமிஷன் 5,000 போக 20,000-ஐ இருபது பேரும் ஆளுக்கு ஆயிரமாகப் பிரித்துக்கொள்கிறார்கள். கமிஷனுக்கு ஐந்து சதவீதமாக இருந்த உச்சவரம்பை 2019-இல் வந்த சட்டத்திருத்தம் ஏழு சதவீதமாக்கியது. 1982-ஆம் ஆண்டின் சிட்ஃபண்ட் சட்டப்படி நடத்துபவர் ஒரு முழுச் சீட்டுத் தொகையைப் பிணையாகக் கட்டியிருக்க வேண்டும். பதிவு செய்யாத சீட்டுகளில் இந்தக் காப்பு எதுவும் கிடையாது. நடத்தியவர் ஒருநாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டால் என்ன ஆகும் என்பது இங்கே பலருக்குத் தெரியும். முதலீட்டாளர் நலன் காக்கும் 1997-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கான தனி நீதிமன்றம் மதுரையிலும் இயங்குகிறது. அங்கே எத்தனை வயதான தாய்மார்கள் பையில் ரசீதுகளை மடித்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்தால் மனசு தாங்காது.

இந்தச் சீட்டை ஸ்மார்ட் கான்ட்ராக்ட்டாக எழுதலாமா? எழுதலாம். கணினி மாணவர் ஒருவர் சில நாளில் எழுதிவிடுவார். தவணையை நிரலே வாங்கும், ஏலத்தை நிரலே நடத்தும், கழிவைப் பைசா தவறாமல் பிரிக்கும். பணம் எவர் பையிலும் இல்லாததால் அதைத் தூக்கிக்கொண்டு ஓட ஆளே இல்லை. யார் எவ்வளவுக்குக் கேட்டார், யார் எடுத்தார் என்பது இருபது பேருக்கும் தெரியும். சீட்டு நடத்துபவர் ஏமாற்றும் வழி அடைபட்டுவிட்டது. இது சிறிய காரியமில்லை, இதற்காகவே இந்தத் தொழில்நுட்பத்தை மதிக்கிறேன்.

இப்போது அடுத்த மாதத்தை நினைத்துப் பாருங்கள். 75,000 எடுத்தவர் இன்னும் பதினெட்டு தவணை கட்ட வேண்டும், அவர் கட்டவில்லை. நிரலுக்கு அவர் முகம் தெரியாது, வீடு தெரியாது. ஏட்டில் அவர் வெறும் ஒரு நீண்ட எண். அந்த எண்ணைக் கைவிட்டுவிட்டு நாளைக்கே புது எண்ணோடு வருவார். நம் தெருவில் சீட்டு நடத்தும் அக்கா என்ன செய்வார்? வீட்டுக்குப் போவார், மாமியாரிடம் சொல்வார், ஜாமீன் போட்டவரைப் பிடிப்பார். அதற்கு முன்பே, யாருக்கு இரண்டாம் மாதமே சீட்டைக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று அவருக்குத் தெரியும். அவர் வாங்கும் கமிஷன் கூட்டிக் கழிப்பதற்காக மட்டும் கொடுக்கப்படுவதில்லை, ஆள் அறிந்திருப்பதற்கும் சேர்த்துத்தான்.

ஆளை அறியாத நிரலுக்கு ஒரே வழிதான் உண்டு: எடுப்பவர் முன்கூட்டியே அதைவிடப் பெரிய பொருளை அடகு வைக்க வேண்டும். பரவலாக்கப்பட்ட கடன் செயலிகள் இப்படித்தான் நடக்கின்றன. 2017 டிசம்பரில் மேக்கர் என்ற அமைப்பு டாய் என்ற நாணயத்தை வெளியிட்டபோது 100 டாலர் மதிப்புக்கு டாய் எடுக்கக் குறைந்தது 150 டாலர் மதிப்புள்ள ஈத்தரைப் பூட்டிவைக்க வேண்டியிருந்தது. கையில் 150 வைத்திருப்பவருக்கு மட்டும் 100 கிடைக்கும் இடத்தில், மகள் கல்லூரிக் கட்டணத்துக்காகச் சீட்டை எடுக்கும் பெண்ணுக்கு எதுவும் கிடைக்காது. பரவலாக்கப்பட்ட நிதி வங்கிக் கணக்கில்லாத ஏழைக்கு வாசல் திறக்கும் என்று மேடைதோறும் சொல்கிறார்கள். இன்றுள்ள வடிவில் அது சொத்து வைத்திருப்பவர் கடன் வாங்கும் இடம். இதை மாணவர்கள் கவனமாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடகு வைத்தவருக்கும் நிம்மதி இல்லை. 2020 மார்ச் 12 அன்று கொரோனா பீதியில் ஈத்தர் விலை ஒரே நாளில் நாற்பது சதவீதத்துக்கு மேல் சரிந்தது. அடகின் மதிப்பு வரம்புக்குக் கீழே போனதும் மேக்கரின் நிரல் தன் விதிப்படி அடகுகளை ஏலத்துக்கு விட்டது. எல்லாரும் ஒரே நேரத்தில் ஓடிவந்ததால் கேஸ் கட்டணம் எகிறியது, பலரால் கூடுதல் அடகைக் கொண்டுவந்து சேர்க்க முடியவில்லை, ஏலம் கேட்பவர்களும் வந்து சேரவில்லை. போட்டிக்கு ஆளில்லாமல் பூஜ்யம் டாலருக்கு ஏலம் கேட்டவர்கள் அடகுகளை அள்ளிக்கொண்டு போனார்கள். அப்படிப் போனது சுமார் 83 லட்சம் டாலர். நிரல் எந்தத் தவறும் செய்யவில்லை, எழுதியபடியே நடந்தது. ஒரு வாரம் தவணை தள்ளிக் கட்டுகிறேன் என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

நிரலிலேயே தவறு இருந்தால்? 2016-இல் தி டி.ஏ.ஓ. என்ற கூட்டு முதலீட்டு அமைப்பு எத்தீரியத்தில் தொடங்கி சுமார் 15 கோடி டாலர் திரட்டியது. மேலாளர் கிடையாது, உறுப்பினர் வாக்கும் நிரலுமே நிர்வாகம். ஒருவர் தம் பங்கைத் திரும்பக் கேட்டால் நிரல் முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு அதன் பிறகு அவர் கணக்கில் கழித்தது. கழிப்பதற்குள் மறுபடி கேள், மறுபடி கேள் என்று ஒரு நிரலை எழுதி ஏவினார் ஒருவர். ஜூன் 17 அன்று 36 லட்சம் ஈத்தர் வழிந்தோடிவிட்டது. இது திருட்டா, நிரல் அனுமதித்த பரிமாற்றமா என்று பெரிய விவாதம் எழுந்தது. கடைசியில் ஜூலை 20 அன்று எத்தீரியச் சமூகத்தில் பெரும்பான்மையோர் கூடி, அந்தப் பணம் போகாத ஒரு புதிய கணக்கைத் தொடர ஒப்புக்கொண்டார்கள். ஒப்பாதவர்கள் பழைய ஏட்டையே எத்தீரியம் கிளாசிக் என்ற பெயரில் இன்றுவரை தொடர்கிறார்கள். மாற்ற முடியாதது என்ற ஏட்டையும் மனிதர்கள் போதிய அளவில் கூடினால் மாற்றிவிட முடியும் என்று அன்று தெரிந்தது. நாட்டார் இல்லாமல் அங்கேயும் வழக்குத் தீரவில்லை.

செய்தித்தாளில் வரும் கிரிப்டோ எக்ஸ்சேஞ்சுகளும் இந்தச் செயலிகளும் ஒன்றே என்று பலர் நினைக்கிறார்கள். அது பெரிய தவறு, விலை கொடுக்க வைக்கும் தவறு. எக்ஸ்சேஞ்ச் என்பது ஒரு நிறுவனம். உங்கள் நாணயம் அவர்கள் சாவியில் இருக்கும், உங்கள் திரையில் தெரிவது அவர்கள் எழுதிய இருப்பு. 2024 ஜூலை 18 அன்று வசீர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் களவு போயின. பலர் சேர்ந்து கையொப்பமிட்டால்தான் திறக்கும் வாலட் அது. திரையில் தெரிந்தது ஒன்று, உண்மையில் கையொப்பமானது வேறொன்று என்பது நிறுவனம் சொன்ன விளக்கம். வட கொரியாவின் கை இதில் இருப்பதாக அமெரிக்கா, ஜப்பான், தென் கொரியா மூன்றும் 2025 ஜனவரியில் கூட்டாக அறிவித்தன.

களவுக்குப் பிறகு எல்லாருடைய கணக்கையும் முடக்கினார்கள். 1,98,516 ரூபாய் கொடுத்து எக்ஸ்.ஆர்.பி. நாணயம் வாங்கி வைத்திருந்த ஒரு பெண்மணி சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். களவு போனது எத்தீரியத்தைச் சார்ந்த நாணயங்கள், அவருடையது வேறு வகை. ஆனாலும் நட்டத்தை எல்லாருக்கும் பங்கிட நிறுவனம் திட்டமிட்டது. 2025 அக்டோபரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் கிரிப்டோ நாணயம் சொத்துதான், அதை உடைமையாக அனுபவிக்கவும் நம்பிக்கைப் பொறுப்பில் வைக்கவும் முடியும் என்று தீர்ப்பளித்து அவருக்குப் பாதுகாப்பு வழங்கினார். இந்த நாட்டில் சாதாரண முதலீட்டாளருக்குக் கிடைத்த முக்கியமான தீர்ப்பு இது.

இதனோடு இன்னொரு தீர்ப்பைச் சேர்த்துப் படியுங்கள். டொர்னேடோ கேஷ் என்ற செயலி, நாணயம் எங்கிருந்து வந்தது என்ற தடயத்தைக் கலைத்துவிடும். வட கொரியக் களவுப் பணம் அதில் புரண்டதால் 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கருவூலத் துறை அதற்குத் தடை போட்டது. இணையதளம் மறைந்தது. ஆனால் ஏட்டில் இருந்த நிரல் ஓடிக்கொண்டே இருந்தது, நிறுத்தும் சாவி எவரிடமும் இல்லை. 2024 நவம்பரில் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம், எவராலும் மாற்றவோ தடுக்கவோ முடியாத நிரல் எவருடைய சொத்தும் ஆகாது, ஆகவே சொத்துத் தடைச் சட்டம் அதற்குப் பொருந்தாது என்றது. நாணயம் சொத்து, அதை நகர்த்தும் நிரல் யாருடைய சொத்தும் அல்ல. சட்டம் படிக்கும் மாணவர்கள் இங்கே இருந்தால், வருங்காலத்தில் உங்கள் வேலை பெருமளவு இந்த இரண்டு தீர்ப்புகளுக்கு நடுவில்தான் இருக்கும்.

நம் மாநில அரசும் இந்தத் துறையில் இருக்கிறது. 2020-இல் பிளாக்செயின் கொள்கை வந்தது. நம்பிக்கை இணையம் என்ற அரசு பிளாக்செயினும், சான்றிதழ்களை அதில் சரிபார்த்துப் பகிரும் இ-பெட்டகம் செயலியும் அதன் பின் வந்தன. வேலைக்குச் சேரும் பையனின் மதிப்பெண் சான்றிதழ் அசலா என்று அலுவலகம் அலுவலகமாக அலையாமல் பார்க்க முடிந்தால் அது நல்ல காரியம். ஆனால் அது நான் இதுவரை சொன்ன பொருளில் பரவலாக்கப்பட்டது இல்லை. அந்த வலையில் யார் சேரலாம் என்பதை அரசு முடிவு செய்கிறது. பட்டாவையும் பத்திரத்தையும் இப்படி ஏற்றினால் நில மோசடி ஒழிந்துவிடும் என்று சிலர் பேசும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. ஏற்றிய பிறகு திருத்த முடியாது என்பது உண்மை. ஏற்றும் நாளில் ஆள்மாறாட்டம் செய்து பொய்யை ஏற்றினால் அந்தப் பொய்யும் திருத்த முடியாததாகிவிடும். நில அளவர் வரப்பில் இறங்கி நடந்து அளப்பதை எந்த நிரலும் செய்துவிடாது.

பணம் போடும் எண்ணத்தோடு வந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, ஒன்றில் பட்ட நட்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. விற்கும்போது ஒரு சதவீதம் பிடித்தம் அதே ஆண்டு ஜூலையிலிருந்து. மாதம் இவ்வளவு உறுதி, ஆள் சேர்த்தால் கமிஷன் என்று ஓட்டல் மண்டபத்தில் கூட்டம் போட்டு காயின் விற்பவர்களிடம் நிரல் எந்த முகவரியில் இருக்கிறது, அதை மாற்றும் சாவி யாரிடம் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அந்த 12 சொற்களைக் கேட்பவர் எவராக இருந்தாலும் திருடர்தான். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் அன்றைக்கே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள், தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்குச் சாதகம்.

மாணவர்களுக்கு இந்த விஷயம் காதால் கேட்டுப் புரியாது, கையால் செய்துதான் புரியும். செபோலியா என்று எத்தீரியத்தின் பயிற்சி வலை ஒன்று இருக்கிறது. அங்கே ஈத்தர் இலவசம், தொலைத்தாலும் நட்டமில்லை. ரீமிக்ஸ் என்ற தளத்தில் உலாவியிலேயே சாலிடிட்டி மொழியில் நிரல் எழுதி அங்கே ஏற்றலாம். நான்கு நண்பர்கள் சேர்ந்து நான்கு தவணைச் சீட்டு ஒன்றை எழுதுங்கள். முதல் தவணையில் ஒருவர் சீட்டை எடுக்கட்டும், அடுத்த தவணையில் அவர் வேண்டுமென்றே கட்டாமல் இருக்கட்டும். அந்த இடத்தில் நிரல் என்ன செய்ய வேண்டும் என்று நால்வரும் உட்கார்ந்து விவாதித்து ஒரு விதியை எழுதிக்கொண்டு என்னிடம் வாருங்கள், நான் படித்துப் பார்க்கிறேன். இப்போது கேள்விகள் கேட்கலாம்.